வரி போட்டால் வேலை திரும்புமா?

கேள்வி: இறக்குமதி வரியால் விலை ஏறும் என்று தெரிந்தும் அமெரிக்க வாக்காளர்கள் பலர் அதை ஏன் ஆதரிக்கிறார்கள்?

பதில்: 2018 ஜனவரியில் டிரம்ப் அரசு வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. ஆண்டுக்கு முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50. மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே இல்லாத துணி உலர்த்தும் மெஷினும் கூடவே ஏறியது. இரண்டையும் ஜோடியாக வாங்குவதே அங்கு வழக்கம். ஆய்வாளர்கள் கணக்கில் புதிதாகக் கிடைத்த வேலை சுமார் 1,800. ஒரு வேலைக்கு நுகர்வோர் சுமந்தது ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கும் மேல்!

ஆனால் அந்தச் சுமை வீட்டுக்கு வீடு சிதறிவிடுகிறது. ஒரு மெஷினுக்கு 90 டாலர் அளவுதான். இறக்குமதிப் போட்டியில் மூடிய ஆலையோ ஊர் நடுவே நிற்கிறது. ஓஹையோ, பென்சில்வேனியா போன்ற பழைய தொழிற்சாலை மாநிலங்களின் ஊர்களில் அதோடு போனது சம்பளம் மட்டுமல்ல, மரியாதையும்தான். 'நமக்காக ஒருவர் சண்டை போடுகிறார்' என்ற நிறைவை வரி தருகிறது. அதனால்தான் டிரம்ப் போட்ட வரிகளால் மொத்தத்தில் வேலைவாய்ப்பு கூடாத நிலையிலும், வரிப் பாதுகாப்பு பெற்ற பகுதிகளில் அவரது குடியரசுக் கட்சிக்கு ஆதரவு கூடியது.

இந்த ஆதரவை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய தவறு; வரிக்கு மாற்றாக இருந்த உதவியும் அவர்களுக்குக் குறைந்துவிட்டது. இறக்குமதியால் வேலை இழந்தோருக்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் தர 1962 முதல் ஒரு திட்டம் இருந்தது. 2022 ஜூலையோடு அதில் புதியவர்களைச் சேர்ப்பதும் நின்றுவிட்டது.