கேமிங் கணினிக்கு எந்த டிஸ்க்? கேள்வி பதில்

கேள்வி: புதிதாக கேமிங் கணினி அமைக்கிறேன். 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே போதும், மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். கேட்கலாமா?

பதில்: கார்டு பற்றிச் சொன்னதைக் கேளுங்கள், டிஸ்க் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று முடிய 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. வேண்டிய தரவு ஹெட்டுக்கு (தரவைப் படிக்கும் முனை) அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகரவே 8, 9 மில்லி விநாடி போய்விடும். ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 12, 13 மில்லி விநாடி. விநாடிக்கு எண்பது துண்டு எடுத்தாலே அதிகம். இன்றைய விளையாட்டுகளோ நீங்கள் ஒரு தெருவில் வண்டி ஓட்டும்போதே அடுத்த தெருவின் சுவர், மரம், ஓசை எல்லாவற்றையும் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருக்கும். ஹெட்டால் ஈடுகொடுக்க முடியாமல் படம் திக்கித் திக்கி நகரும். தரவைச் சில்லில் வைக்கும், நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அதே வேலை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்ட் ஆகியவை குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டன.

கேள்வி: அண்ணா, வேகம் விநாடிக்கு சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, ஜென் 3 என்விஎம்இ 3500, ஜென் 4 7000, ஜென் 5 14000 என்று போட்டிருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது. பெரிய எண்ணையே வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. சாட்டா பழைய இணைப்பு முறை, என்விஎம்இ புதியது, ஜென் என்பது தலைமுறை எண். பெட்டியில் அச்சிட்ட எண், ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படித்து எடுத்தது. ஆளில்லாத புறவழிச்சாலையில் வண்டியை முறுக்கிப் பார்த்தது மாதிரி. விளையாட்டு லோடாகும்போது சின்னச் சின்னக் கோப்புகள்தான் அதிகம். அவற்றைச் சுருக்கத்திலிருந்து விரிக்கிற வேலை பிராசஸருடையது. டிஸ்க் தந்த பிறகும் பிராசஸருக்காகக் காத்திருக்க நேரும். அதனால் பெரும்பாலான விளையாட்டுகளில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் சில விநாடிதான் வித்தியாசம். ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் அதுகூட இல்லை.

இந்தத் தடையை நீக்கத்தான் மைக்ரோசாஃப்ட் 2022-இல் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற நுட்பத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஃபோர்ஸ்போக்கன் என்ற விளையாட்டு அதை முதலில் பயன்படுத்தியது. அதன் பிறகு வந்தவை சொற்பம். நடுத்தர விலையில் ஒரு ஜென் 4 வாங்குங்கள். ஜென் 5-க்குக் கொடுக்க நினைத்த பணத்தில் 1 டிபிக்குப் பதில் 2 டிபி எடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது.

கேள்வி: என் மதர்போர்டு பழையது. எம்.2 ஸ்லாட் இருக்கிறது. என்விஎம்இ பொருந்துமா?

பதில்: எம்.2 என்பது டிஸ்க்கும் ஸ்லாட்டும் இருக்கும் வடிவம் மட்டுமே; பொருந்திவிட்டதாலேயே வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும். மேனுவலைப் புரட்டிப் பாருங்கள். எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க்கைச் செருகினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செயலிழக்கும் என்றும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். ஜென் 4 டிஸ்க் ஜென் 3 ஸ்லாட்டில் தாராளமாக ஓடும், ஜென் 3 வேகத்தில்.

கேள்வி: இரண்டும் 1 டிபி, இரண்டும் ஜென் 4, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். எதற்குக் கூடுதல் பணம்?

பதில்: பெட்டியில் பெரிதாகப் போடாத விஷயங்களுக்கு. முதலாவது, உள்ளே இருப்பது டிஎல்சியா, கியூஎல்சியா. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு வைப்பது கியூஎல்சி. நெருக்கி வைத்தால் மலிவு. ஆனால் எழுதுவது மெதுவாகும், தேய்மானமும் சீக்கிரம். கியூஎல்சி டிஸ்க்கில் பெரிய விளையாட்டுகளை அடுத்தடுத்து நகலெடுத்துப் பாருங்கள்: தொடக்கத்தில் வேகம் அமர்க்களமாக இருக்கும். கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் பகுதி) நிரம்பியதும் வேகக் கோடு செங்குத்தாக விழுந்து, பழைய ஹார்ட் டிஸ்க் அளவில் ஊர்ந்துகொண்டிருக்கும். டிஸ்க் ஏற்கெனவே பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம் விழும்.

இரண்டாவது டிபிடபிள்யூ, அதாவது வாரண்டிக் காலத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. 1 டிபி சாம்சங் 990 ப்ரோவுக்கு 600. அதே அளவு க்ரூஷியல் பி3 ப்ளஸ்ஸுக்கு, அது கியூஎல்சி, 220. டிராம் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் தற்காலிக நினைவகம்) இல்லை என்பதற்காக ஒரு டிஸ்க்கை ஒதுக்க வேண்டாம். டபிள்யூடி பிளாக் எஸ்என்770-இல் டிராம் கிடையாது, அதற்கும் 600தான். கணினியின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்கிறது.

கேள்வி: 220 என்றால் சீக்கிரம் செத்துவிடுமா?

பதில்: ஐந்தாண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 120 ஜிபி. விளையாடும்போது நடப்பது பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்து தரவைப் படிப்பது. தரவை எழுதுவதுதான் செல்லைத் தேய்க்கும். தினமும் ஒரு முழு விளையாட்டை இறக்கி அழிப்பவர் நீங்கள் இல்லையென்றால் அந்தக் கணக்கைத் தொடவே மாட்டீர்கள். எனக்குக் கவலை வேறு: எஸ்எஸ்டி பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் கண்ணை மூடும். வாரண்டியில் புது டிஸ்க் வரும், உள்ளே இருந்தது வராது. விளையாட்டை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சேவ் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: சென்னையில் மே மாதம். டிஸ்க் 70 டிகிரி காட்டுகிறது.

பதில்: சூடு இன்னும் ஏறினால் டிஸ்க் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டோடு வந்த ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) மாட்டியிருக்கிறீர்களா? மாட்டியிருந்தால் கழற்றி, அடியில் உள்ள தெர்மல் பேடைப் பாருங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே பலர் திருகிவிடுகிறார்கள்.

கேள்வி: பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவா?

பதில்: எதற்கு? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் திறந்து 05 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (பழுதெனச் சந்தேகப்படும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமென்றால் பழைய விளையாட்டு, காணொளி, பிரதி எல்லாவற்றுக்கும் அது போதும். சி5 ஏறிக்கொண்டே போனால் இன்றிரவே நகலெடுங்கள்.

கேள்வி: 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. சில நூறு ரூபாய்க்கு 16 டிபி என்று விற்பார்களே, ஏமாற்று அதுதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரலை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ஸ்டீமில் உள்ளதை மறுபடி இறக்காமல் புது டிஸ்க்குக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் புது டிஸ்க்கைச் சேருங்கள். பிறகு விளையாட்டின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ், அதில் மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர். சேவ் கோப்புகள் பல விளையாட்டுகளில் சி டிரைவின் டாக்குமெண்ட்ஸ் அல்லது ஆப்டேட்டாவில்தான் இருக்கும், இதோடு நகராது. விண்டோஸையும் அழித்துப் புதிதாகப் போடுவதாக இருந்தால் அவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.