சிபில் ஸ்கோர் 560 தான் இருக்கிறது. நிதி நிறுவனம் தரும் அதிக வட்டிக் கடனை வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர், அது குறைவு என்று இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன. ஒரு நிதி நிறுவனம் ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறது. மாதம் 8,700 வீதம் 24 மாதம் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆஃபர் போய்விடும் என்று ஏஜெண்ட் தினமும் போன் செய்கிறார். தங்கையின் கல்லூரிக் கட்டணமும் கடையின் பழைய பாக்கியும் சேர்ந்துதான் இந்தத் தேவை.

2023-ல் நானும் இதே இடத்தில் நின்றேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. 2020 ஊரடங்குக்குப் பிறகு சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பைக் கடனில் ஐந்து தவணை பவுன்ஸ் ஆனது. பிறகு அந்த நிறுவனமே ஒரு தொகை சொல்லி, அதைக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றது. கட்டினேன். கடன் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அம்மா கீழே விழுந்து இடுப்பில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோதுதான் என் ஸ்கோர் 571 என்று தெரிந்தது. எந்த வங்கியிலும் மேசையைத் தாண்டிப் பேச்சு போகவில்லை.

அந்த வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு ஆஃபர் வந்தது. ஒரு லட்சம், வட்டி வருஷத்துக்கு 18 தான், 24 மாதம், மாதம் 5,667. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. எல்லாரும் மறுத்த நேரத்தில் ஒருவர் தருகிறேன் என்றால் மனசு கணக்குப் பார்க்காது. எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் பான் கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். அவர்தான் என்னை உட்கார வைத்து இரண்டே கேள்வி கேட்டார். "கையில் எவ்வளவு வரும்? மொத்தமாக எவ்வளவு போகும்?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பிராசஸிங் கட்டணம் 3,500, அதற்கு ஜிஎஸ்டி 630, கடனுக்கான இன்ஷூரன்ஸ் 3,870. ஆக 8,000 பிடித்துக்கொண்டு 92,000 தான் வரும். திருப்பிக் கட்டுவது 1,36,008. அக்கா எக்செல்லில் ரேட் என்ற ஃபார்முலாவில் மூன்று எண்களைப் போட்டார்: 24 மாதம், மைனஸ் குறியோடு 5,667, கையில் வரும் 92,000. மாதத்துக்கு 3.4 சதவீதம் என்று வந்தது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 41.

18 எப்படி 41 ஆனது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் சொன்னது ஃபிளாட் வட்டி. நாம் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். ஒரு வருஷம் கழியும்போது அசலில் 60 சதவீதம்கூட நம்மிடம் இருக்காது. ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கே போட்டிருக்கும். இதுவே 18-ஐ 31-க்கு மேல் கொண்டுபோய்விடும். முதலிலேயே பிடித்த 8,000 மிச்சத்தைச் செய்துவிடும்.

எனக்கு உறைத்தது சதவீதம் அல்ல. அக்கா அதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னதுதான். "இது மூணரை ரூபா வட்டிப்பா." நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டிக்குத் தெருவில் ஒருவர் தருகிறேன் என்றால் நான் வாங்கியிருக்க மாட்டேன். இரண்டு ரூபாய் வட்டிக்கே எங்கள் வீட்டில் யோசிப்பார்கள். லெட்டர்பேடில் 18 என்று அச்சடித்து வந்ததால் கையெழுத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டேன். அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தக் கடன் வந்தாலும் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

தண்டலும் இப்படித்தான். 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். 1,500 தானே அதிகம், போகட்டும் என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் பக்கம் வரும். சந்தை வியாபாரிகள் பல பேர் பத்து வட்டி என்று தெரியாமலேயே அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஆஃபர். 8,700 வீதம் 24 மாதம் என்றால் 2,08,800. ஒன்றரை லட்சமும் பிடித்தமில்லாமல் முழுதாகக் கையில் வந்தாலே வருஷத்துக்கு 34 சதவீதம். என்னுடையதைப் போல நூற்றுக்கு எட்டு வீதம் 12,000 பிடித்துக்கொண்டு 1,38,000 கொடுத்தால் 43-ஐத் தாண்டும், அதாவது மாதம் மூன்று ரூபாய் அறுபது காசு. கையில் வரும் தொகையை நீங்கள் எழுதவில்லை. அவர் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அதை எழுத்தில் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்குக் கீ ஃபாக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளை முன்கூட்டியே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருஷ வட்டி அதுதான். அதை 12-ஆல் வகுத்தால் நம் ரூபாய் வட்டி கிடைத்துவிடும். தாளை அனுப்பாமல் ஓடிபியை மட்டும் கேட்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடன் வருவதற்கு முன்பே "ஃபைல் சார்ஜ்", "இன்ஷூரன்ஸ்" என்று ஏதோ தனிநபர் கணக்குக்கு ஜிபே பண்ணச் சொன்னால் அது கடனே இல்லை, மோசடி. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி இப்படி 6,500 இழந்தான். அப்படி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். அவனுக்கு அது தெரிந்தபோது நான்கு நாள் ஆகியிருந்தது.

ஏழு நாள் கடன் ஆப்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்கோர் குறைந்தவர்களின் போனுக்குத்தான் அவை அதிகம் வருகின்றன. 5,000 கடன் என்று காட்டி 3,200 அனுப்பி, ஏழாம் நாள் 5,000 கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு 56 ரூபாய். கட்டாவிட்டால் போனில் உள்ள எல்லா நம்பருக்கும் அசிங்கமாக மெசேஜ் போகும். கடன் தரும் ஆப் நம் கான்டாக்ட், போட்டோ எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. பணமும் அங்கீகாரம் பெற்ற வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக நம் கணக்குக்கு வர வேண்டும். கான்டாக்ட் அனுமதி கேட்கும் ஆப்பை அந்த நொடியே அழித்துவிடுங்கள். முறையான டிஜிட்டல் கடனாக இருந்தால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனசு மாறினால் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கொடுத்து, அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். பிராசஸிங் கட்டணம் மட்டும் திரும்ப வராமல் போகலாம்.

சரி, நான் என்ன செய்தேன்? ஒரு லட்சம் வேண்டும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கேட்டபோது 40,000-ஐ இரண்டு மாதத்தில் கட்டலாம் என்றார்கள். மிச்சம் 60,000. என் மனைவி தன் இரண்டு பவுன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தோம். நகைக்கடனில் நகைதான் ஈடு, அதனால் என் ஸ்கோரை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டி. 14 மாதத்தில் மீட்டுவிட்டோம். அவள் கழுத்து வெறுமையாக இருந்த அந்த 14 மாதமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 41 சதவீதக் கடனை வாங்கியிருந்தால் செயினும் போயிருக்கும், தவணையும் நின்றிருக்கும்.

உங்கள் வீட்டில் நகை இல்லாமல் இருக்கலாம். பிஎஃப் பிடித்தம் உண்டென்றால் அதில் முன்பணம் கேட்கலாம். பழைய எல்ஐசி பாலிசி இருந்தால் அதன் மேல் கடன் கிடைக்கும். கல்லூரிக் கட்டணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்ட முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள், கேட்பதில் வெட்கமே இல்லை. கடை பாக்கிக்காரரிடமும் ஒரு தேதி சொல்லிப் பேசிப் பாருங்கள். இதெல்லாம் முடியாமல் நிதி நிறுவனத்திடம்தான் போக வேண்டும் என்றால், ஒன்றரை லட்சத்தை வாங்காதீர்கள். அவர்கள் தருவது அவ்வளவு என்பதற்காக நம் தேவை அவ்வளவு ஆகிவிடாது. கல்லூரிக்குக் குறைகிற தொகையை மட்டும் வாங்குங்கள். முன்கூட்டியே முடித்தால் என்ன கட்டணம், எத்தனை தவணைக்குப் பிறகு முடிக்க விடுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த ஒரு வாரத்தில் பத்து இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் ரிப்போர்ட்டில் பதிவாகும், அடுத்தவர் அதைப் பார்த்துத் தயங்குவார். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்த்தால் எதுவும் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். என் ரிப்போர்ட்டை எடுத்தபோதுதான் பைக் கடன் "செட்டில்டு" என்று நின்றிருந்ததைப் பார்த்தேன். முழுதாகக் கட்டவில்லை, சமரசத்தில் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். விட்டுக்கொடுத்த மிச்சத் தொகையைக் கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, "க்ளோஸ்டு" என்று மாற்ற வைத்தேன். தவறான பதிவு இருந்தால் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்புறம் 15,000 டெபாசிட் போட்டு அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாதம் பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து, முழுதும் கட்டினேன். ஒன்றரை வருஷத்தில் ஸ்கோர் 700-ஐத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை கெடுவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நான் மறுத்த ஆஃபர் பத்து நாளில் திரும்ப வந்தது, அதற்கு அடுத்த மாதமும் வந்தது. ஏஜெண்ட் இன்று போன் செய்தால், கையில் வரும் தொகையையும் ஏபிஆரையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை தங்கையைக் கூட்டிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.