நாலு அறை ஹோம்ஸ்டேக்கு ஜெனரேட்டரா, இன்வேர்ட்டரா, சோலரா?

கேள்வி: எல்லயிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் நாலு அறையுள்ள ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கிழமைக்கு மூன்று நாலு தடவை கரண்ட் போகிறது. சில நேரம் இரண்டு நிமிடம், சில நேரம் நாலைந்து மணித்தியாலம். பக்கத்து ஹோட்டல்காரர் 5 கேவீஏ ஜெனரேட்டர் எடுக்கச் சொல்கிறார். மகன் கூரையில் சோலர் போடுவோம் என்கிறார். ஆனால் சோலர் போட்ட வீடுகளிலும் கரண்ட் போனால் இருட்டுத்தானே? எதை வாங்குவது?

பதில்: 5 கேவீஏ ஜெனரேட்டர் இப்போதைக்கு வேண்டாம் (கேவீஏ என்பது இயந்திரம் தரக்கூடிய மின்வலுவின் அளவு). உங்களுக்குத் தேவை 24 வோல்ட்டில் ஓடும் 1.5 கேவீஏ சைன் வேவ் இன்வேர்ட்டர் (பெட்டரியின் மின்சாரத்தை லைன் கரண்டைப் போலவே சீரான அலையாக மாற்றும் பெட்டி) ஒன்றும் அதற்கேற்ற பெட்டரியும். ஆனால் அவற்றை வாங்கும் முன் வயரிங்கைப் பிரிக்க வேண்டும். சுடுதண்ணீரை கரண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் எவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கினாலும் முதல் கிழமையிலேயே ஓவர்லோட் ஆகி நிற்கும்.

மகனின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கூரையில் பொதுவாகப் போடப்படுவது லைனோடு சேர்ந்து ஓடும் சோலர். லைனில் கரண்ட் நின்றதும் அந்த சோலரோடு வரும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் உங்கள் கூரையின் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, நல்ல வெயில் நேரத்தில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது, சோலர் வீடுகளும் சேர்ந்தே இருண்டது இதனால்தான். கரண்ட் இல்லாதபோதும் சோலர் வேலை செய்ய வேண்டுமென்றால் பெட்டரியோடு வரும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும். அதன் செலவு வேறு கணக்கு. பில்லைக் குறைக்க சோலர் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்ட பிரச்சினைக்கு அது மருந்தல்ல. மூடுபனி மாதங்களில் பனல்கள் தருவதும் குறைவு.

அடுத்து, உங்கள் வீட்டில் கரண்ட் போவது எந்தக் காரணத்தால் என்று பாருங்கள். மூன்று வகை உண்டு. லைட் அணைந்து சில செக்கனில் வந்து மறுபடி போனால், அது 33 ஆயிரம் வோல்ட் லைனில் உள்ள தானியங்கி சுவிட்சின் வேலை. யூகலிப்டஸ் கிளையோ சவுக்குக் கிளையோ கம்பியில் தொட்டால் அது லைனைத் துண்டித்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கும். சில முயற்சிக்குப் பிறகும் கிளை விலகவில்லை என்றால் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும், அந்த நாலைந்து மணித்தியாலம் இதுதான். ஆடி மாதக் கச்சான் காற்றிலும், மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமழையிலும் இது கூடும்.

இன்னொரு வகை உண்டு: உங்கள் ட்ரான்ஸ்போமரின் பியூஸ் போவது. சின்ன சிவனொளிபாதமலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லா விடுதிகளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஷவரைத் திறக்கிறார்கள். வீடுகளுக்கென்று போட்ட ட்ரான்ஸ்போமர் விடுதிகளின் ஹீட்டர்களைத் தாங்காது.

மூன்றாவது, உங்கள் சொந்த பிரேக்கர். பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் கிடைப்பது 6,900 வாட்ஸ். ஒரு ஷவர் ஹீட்டர் 3,500 முதல் 5,500 வாட்ஸ் வரை இழுக்கும். 5,500 வாட்ஸ் ஹீட்டரோடு ஒரு கெட்டில் 2,000 வாட்ஸ் சேர்ந்தாலே எல்லை தாண்டிவிடும். இது மின்வெட்டே அல்ல. சுடுதண்ணீரைக் கரண்டிலேயே வைத்திருப்பதானால், இதற்கு த்ரீ பேஸ் (மூன்று லைவ் வயர் வரும்) இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

இனிக் கணக்கு. நாலு அறை, குளியலறைகள், சமையலறை, விறாந்தை, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் எல்இடி பல்ப் சேர்த்து ஏறத்தாழ 170 வாட்ஸ். ஒரே நேரத்தில் எரிவது 150 என்று வையுங்கள். ரவுட்டருக்கு 20. போன், லெப்டொப் சார்ஜ் சராசரி 100. பிரிட்ஜ் ஓடும்போது 120 இழுத்தாலும் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 50. மொத்தம் 320 வாட்ஸ். நாலு மணித்தியாலத்துக்கு 1,280 வாட்ஸ்-மணி. இன்வேர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 1,500.

டியூபியூலர் ஈயப் பெட்டரியை பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட், 150 அம்பியர்-மணிப் பெட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் கையிருப்பு 3,600, எடுக்கக்கூடியது 1,800. லித்தியம் பொஸ்பேட் என்றால் 25.6 வோல்ட், 100 அம்பியர்-மணிப் பெட்டி ஒன்றே போதும். 2,560-இல் 2,000-க்கு மேல் எடுக்கலாம். ஈயப் பெட்டரியில் பாதி இறங்கியது திரும்ப நிறைய 15 அம்பியர் சார்ஜருக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் ஆகும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கரண்ட் போகும் நாட்களில் இரண்டாவது தடவைக்குப் பெட்டரி நிறைந்திருக்காது. கையில் பணம் இருந்தால் லித்தியம் எடுங்கள் என்பது எங்கள் கருத்து.

விலை குறைந்த, சைன் வேவ் அல்லாத இன்வேர்ட்டரை வாங்கவே வாங்காதீர்கள். பிரிட்ஜ் மோட்டர் முனகும், சூடேறும், ஒருநாள் எரியும்.

இந்தக் கணக்கில் ஷவர் ஹீட்டர், கெட்டில், அயன், ஹெயார் டிரையர், அறை ஹீட்டர், தண்ணீர் மோட்டர் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றே விட்டோம். அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 550 வாட்ஸ் என்றாலும், புறப்படும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். அதற்காகப் பெரிய இன்வேர்ட்டர் வாங்குவதைவிட மேட்டில் 2,000 லீட்டர் டேங்க் ஒன்றை வைப்பது மலிவு. எட்டு விருந்தினரும் வீட்டார் நாலு பேரும் ஆளுக்கு 120 லீட்டர் பாவித்தால் நாளுக்கு 1,440 லீட்டர்தான். சரிவான காணி உங்களுக்கு இங்கே கைகொடுக்கும்.

சுடுதண்ணீருக்கு கேஸ் ஹீட்டர். டோர்ச் பெட்டரியில் பற்றவைக்கும் வகை இருக்கிறது, கரண்டே வேண்டாம். ஆனால் அதைக் குளியலறைக்குள் பூட்டக்கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தும் ஊரில் கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொன்றுவிடும். வெளிச்சுவரில், மழைத் தாழ்வாரத்துக்குக் கீழ் பூட்டி, பைப்பை உள்ளே எடுங்கள்.

இப்போது வயரிங். பெரும்பாலான இடங்களில் பிழை நடப்பது இங்கேதான், எனவே எலக்ட்ரீஷியனிடம் இதை வாசித்துக் காட்டினாலும் நல்லது. மெயின் டிபி-யிலிருந்து (பிரேக்கர்கள் உள்ள மின் பெட்டி) 20 அம்பியர் பிரேக்கர் ஒன்று வழியாக இன்வேர்ட்டருக்கு உள்வரும் லைன். இன்வேர்ட்டரிலிருந்து வெளிவருவது புதிய சிறிய டிபி ஒன்றுக்கு. அதில் 30 மில்லி அம்பியர் டபுள் போல் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), தனி நியூட்ரல் பார் (கரண்ட் திரும்பும் வயர்களைச் சேர்க்கும் பட்டை), அதன்பின் லைட் லைன்கள், ரவுட்டர், பிரிட்ஜ், ஒவ்வொரு அறைக்கும் ஒரு சார்ஜ் பிளக். இன்வேர்ட்டர் பழுதானாலும் வீடு இருளாமல் இருக்க 32 அம்பியர் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் இணைப்பது) ஒன்றைப் பைபாஸாக, அதாவது இன்வேர்ட்டரைத் தவிர்த்து நேராக லைனை எடுக்க, போடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, லைட் லைனின் லைவை மட்டும் புதிய டிபி-க்குக் கொண்டுபோய், நியூட்ரலைப் பழைய பாரிலேயே விட்டுவிடுவது. போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புவதால், லைட்டைப் போட்டவுடன் புதிய ட்ரிப் சுவிட்ச் விழும். காரணம் தெரியாதவர் ட்ரிப் சுவிட்சையே கழற்றி நேராக இணைத்துவிட்டுப் போவார். ஈரமான குளியலறைகள் உள்ள விடுதியில் அதைவிட ஆபத்து வேறில்லை. எந்த லைட் லைனுக்கு எந்த நியூட்ரல் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிரிப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள்.

இதைவிட நுட்பமானது இன்னொன்று. பெட்டரியில் ஓடும்போது பல இன்வேர்ட்டர்களின் நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கும். அப்போது ஒருவருக்குக் கரண்ட் அடித்தால் ட்ரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து ‘விழுகிறதே’ என்று திருப்திப்படக்கூடாது, ஏனென்றால் அந்தப் பட்டன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மட்டுமே சோதிக்கிறது. மெயினை அணைத்து, பெட்டரியில் ஓடவிட்டு, ட்ரிப் சுவிட்சைச் சோதிக்கும் டெஸ்டர் கருவியால் லைவ்-எர்த் சோதனை செய்யச் சொல்லுங்கள். விழவில்லை என்றால், பெட்டரிக்கு மாறும்போது மட்டும் நியூட்ரலை எர்த்தில் சேர்க்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வேண்டும். நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் கரண்ட் இருக்கும் நேரத்தில் மெயின் ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கும். எர்த் கம்பியையும் பாருங்கள்: பாறை நிலத்தில் ஒரு கம்பி போதாது. 1.5 மீற்றர் செப்புக் கம்பி இரண்டை மூன்று மீற்றர் இடைவெளியில், ஈரம் நிற்கும் இடத்தில் இறக்குங்கள்.

சார்ஜ் பிளக்கில் விருந்தினர் ஹெயார் டிரையர் குத்துவார், குத்தியே தீருவார். 1,500 வாட்ஸில் இன்வேர்ட்டர் நின்று நாலு அறையும் இருண்டுவிடும். ஒவ்வொரு அறை பிளக்குக்கும் தனி 2 அம்பியர் பிரேக்கர் போட்டால் அந்த ஒரு பிளக் மட்டும் அணையும். அல்லது அந்த இடத்தில் யூஎஸ்பி சொக்கட் மட்டும் வையுங்கள்.

பெட்டரியிலிருந்து இன்வேர்ட்டர் வரை 16 சதுர மில்லிமீற்றர் வயர், நீளம் ஒன்றரை மீற்றருக்குள், பெட்டரி முனைக்குப் பக்கத்தில் 80 அம்பியர் பியூஸ். ஈயப் பெட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடித்த நீர் விடுங்கள். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாதுக்கள் இருக்கும், விடக்கூடாது. நுவரெலியாப் பக்கம் உள்ளவர்கள் லித்தியம் பெட்டரியை வெளிக் கொட்டகையில் வைக்க வேண்டாம். உறைபனி விழும் தை மாத விடியலில் பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் பழுதாகும்.

பல இன்வேர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் என்றும் சாதாரணம் என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு வோல்டேஜ் 230-இலிருந்து நன்றாக இறங்கும். யூபிஎஸ் நிலையில் ஏறத்தாழ 180-க்குக் கீழ் போனதும் இன்வேர்ட்டர் பெட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் இருக்கும்போதே பெட்டரி தீர்ந்து, உண்மையில் கரண்ட் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. ‘புதுப் பெட்டரி, ஆனால் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை’ என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

ஜெனரேட்டர் எடுப்பதானால் இதற்குப் பிறகு, 2 கேவீஏ இன்வேர்ட்டர் வகைப் பெற்றோல் ஜெனரேட்டர் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நடந்ததுபோல் நாட்கணக்கில் கரண்ட் இல்லாத நேரத்துக்கு அது உதவும். அதை வீட்டு இன்வேர்ட்டரின் உள்வரும் லைனுக்கு டபுள் போல் சேஞ்ச் ஓவர் வழியாகக் கொடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடவிட்டு, பெட்டரி ஏறியதும் நிறுத்தலாம். விருந்தினர் இரவு முழுக்க இரைச்சல் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயரைச் சுவர் பிளக்கில் குத்துவது கொலைக்குச் சமம்: உங்கள் 230 வோல்ட் ட்ரான்ஸ்போமரில் பின்னோக்கிப் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனில் ஏறும்.

உயரம் கூடக்கூட எஞ்சினின் வலு குறையும், 100 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வீதம். ஆயிரம் மீற்றரை ஒட்டிய எல்லயில் பத்து வீதம் போகும், நுவரெலியாவில் இருபதுக்குக் கிட்ட. ஸ்பார்க் பிளக் கரிபிடித்துக் கறுத்தால் காபுரேட்டருக்கு உயரப் பிரதேச ஜெட் (பெற்றோல் போகும் சிறு துளையுள்ள பாகம்) கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் ஒயில் 20 மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும். ஒரு மாதம் பாவிக்காவிட்டால் காபுரேட்டரில் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் இரவில் அது புறப்படாது.

கரண்ட் திரும்பும் நேரத்திலும் சாமான்கள் கெடும். பிரிட்ஜுக்கு மூன்று நிமிடத் தாமதமுள்ள வோல்டேஜ் காட் (வோல்டேஜ் கூடினாலோ குறைந்தாலோ கரண்டைத் துண்டிக்கும் கருவி), மெயின் டிபி-யில் மின்னல் தடுப்பான் இரண்டும் போடுங்கள். த்ரீ பேஸ் இணைப்பில் சில பல்ப் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. உடனே மெயினை அணைத்துவிட்டு மின் பழுது முறைப்பாட்டு இலக்கமான 1987-க்கு அழைத்து, பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தையும் பக்கத்துக் கம்பத்தின் இலக்கத்தையும் சொல்லுங்கள்.

போகும் நேரம், வரும் நேரம், அப்போதைய வோல்டேஜ் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். 230-க்கு ஆறு வீதம் கூடக் குறைய, அதாவது 216-க்கும் 244-க்கும் இடையில், வோல்டேஜ் இருக்க வேண்டும். இரண்டு மாதப் பதிவோடு, அதே ட்ரான்ஸ்போமரில் உள்ள விடுதிக்காரர்கள் சேர்ந்து பிரதேச மின் பொறியியலாளருக்குக் கடிதம் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரைப் பெரிதாக்குவது, கிளை வெட்டுவது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் பிரதியோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம், தமிழிலேயே எழுதலாம்.