தற்கொலை எண்ணம் இருப்பதை வைத்தியரிடம் சொன்னால், அவர் வீட்டாருக்குச் சொல்லிவிடுவாரா?

கொழும்பில் அறையெடுத்துத் தங்கி வேலை செய்வதாகவும், சில மாதங்களாகச் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து வந்து போவதாகவும், வைத்தியரிடம் சொல்ல விரும்பினாலும் அவர் ஊரிலிருக்கும் பெற்றோருக்கோ பொலிஸுக்கோ வேலைத்தளத்துக்கோ அறிவித்துவிடுவார் என்ற பயத்தில் நாளைத் தள்ளிப்போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு எண்ணம் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன காரணத்துக்காக மட்டும் வைத்தியர் எவருக்கும் அறிவிக்கக் கூடாது. வழக்கமாக அறிவிப்பதும் இல்லை. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர் கருதினால்தான், உங்களைப் பாதுகாக்கக்கூடிய ஒருவரிடம், அதற்குத் தேவையான அளவுக்குப் பேசுவார்.

இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே அந்த எண்ணம் உங்கள் கட்டுப்பாட்டை மீறுவதாக இருந்தால், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். 1926 என்ற இலக்கத்தை இப்போதே அழையுங்கள்; அது தேசிய மனநல நிறுவகம் இரவு பகலாக நடத்தும் உதவி இலக்கம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரடியாகவும் போகலாம். தனியே போகாமல், பக்கத்து அறையில் இருப்பவரையாவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் வைத்தியர் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணங்களோடு கொழும்பில் வாழ்ந்து, அவற்றை ஒரு வைத்தியரிடம் சொல்லி, நீண்ட காலம் சிகிச்சை பெற்றவள். பின்னர் உறவினர் ஒருவருடனும் தோழி ஒருத்தியுடனும் கிளினிக்குகளுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் அக்காலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றிலிருந்தும் எழுதுகிறேன்.

உங்கள் பயத்தில் ஒரு பகுதி வேறு நாடுகளின் சட்டங்களிலிருந்து வந்திருக்கலாம். தமிழில் தேடினால் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இந்தியப் பக்கங்கள். தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம் என்று அவற்றிற் சில சொல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் பற்றியது. அங்கும் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் தேடினாலோ, 72 மணிநேரம் ஒருவரைக் கட்டாயமாகத் தடுத்துவைக்கலாம் என்று வருகிறது; அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின் 5150ஆம் பிரிவு. இலங்கையில் 1998ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றமாக இருந்த நிலை நீக்கப்பட்டது. முயற்சியே குற்றமில்லை என்றாகிவிட்ட நாட்டில், மனத்தில் வந்த எண்ணத்தை வைத்தியரிடம் சொன்னவரைத் தேடிப் பொலிஸ் வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களிடம் அங்குள்ள பொலிஸார் வாக்குமூலம் பெறுவதைப் பார்த்தவர்கள் சொல்லும் கதைகளே இந்தப் பயத்தை வளர்த்திருக்கின்றன என்று நினைக்கிறேன். நீங்கள் போக நினைப்பது அந்த நிலைக்கு வெகு முன்னரே என்பதால், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நோயாளி நம்பிச் சொன்னதை வெளியிடாமல் காப்பது வைத்தியத் தொழிலின் மிகப் பழைய கடமைகளில் ஒன்று. 1948இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஜெனீவாப் பிரகடனத்தின் இன்றைய வடிவம், நோயாளி இறந்த பின்னரும் அந்த இரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை எல்லையற்றதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்களைப் பார்க்கும் வைத்தியர், தாதி, உளவள ஆலோசகர் ஆகியோர் சிகிச்சைக்காகத் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வார்கள். உங்களது கோப்பில் எழுதுவார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டாலோ, இன்னொருவருக்கு, முக்கியமாக ஒரு குழந்தைக்கு, ஆபத்து இருப்பதாகத் தெரிந்தாலோ பேச வேண்டி வரலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கேள்வி வேறு. இவை போக உங்களுக்குப் பொருந்தக்கூடியது நான் முதலிற் சொன்ன உடனடி ஆபத்து ஒன்றுதான்.

எதை உடனடி ஆபத்து என்று வைத்தியர் கருதுவார் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். 'நான் இல்லாமற் போனால் நிம்மதி' என்ற எண்ணமும், எப்படி, எப்போது என்று தீர்மானித்துவிட்ட நிலையும் ஒன்றல்ல என்பது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் வகை எண்ணம் மனச்சோர்வின் அறிகுறியாக அவர்கள் அன்றாடம் கேட்பது. மனச்சோர்வை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தின் கடைசிக் கேள்வியே இதைப் பற்றியதுதான். ஆகவே அவர் அதிர்ச்சியடைய மாட்டார். எண்ணம் எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஏதாவது திட்டம் உண்டா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா, உங்களைத் தடுத்து நிறுத்துவது எது, அறையில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்பார். இந்தக் கேள்விகள் உங்களைச் சிக்கவைப்பதற்கானவை அல்ல; எந்த அளவு உதவி போதும் என்று அளப்பதற்கானவை. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகிறார்கள், மருந்துடனோ, அடுத்த சந்திப்புக்கான திகதியுடனோ, எண்ணம் முற்றும்போது என்ன செய்வது, யாரை அழைப்பது, எந்தப் பொருட்களைக் கைக்கெட்டாமல் அகற்றி வைப்பது என்று அவருடன் சேர்ந்து எழுதிய ஒரு திட்டத்துடனோ. இந்தக் கடைசி விடயத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளில் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, ஆபத்தான பொருட்கள் எளிதிற் கிடைக்காமல் செய்யப்பட்டமையே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாங்க முடியாத அந்தக் கணத்தைக் கடக்க வழி கிடைத்தவர்களில் மிகப் பலர் அதன் பிறகு வாழ்ந்திருக்கிறார்கள்.

உங்கள் விடயம் வெளியே தெரியவந்தால், அது வைத்தியரின் வாயிலிருந்து வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் பார்த்த வரையில், கொழும்புத் தமிழர்களிடையே இரகசியம் கசிவது வைத்தியரைச் சுற்றியுள்ள இடங்களில்தான். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியர் சிங்களத்தில் பேசுகிறார், உங்களுக்கு அந்த மொழி சரளமில்லை என்றால், மொழிபெயர்க்க ஒரு மாமியையோ ஒன்றுவிட்ட சகோதரனையோ அழைத்துப் போவது நமது வழக்கம். அந்த மாமிக்கு வைத்தியரைப் போலத் தொழிற்கடமை எதுவும் இல்லை. உறவினரை வைத்து இந்த விடயத்தைப் பேச வேண்டாம் என்றே நான் வற்புறுத்திச் சொல்வேன். அவர் எதிரில் நீங்கள் பாதியைத்தான் சொல்வீர்கள். அந்தப் பாதியிலும் அவர் தமக்குச் சங்கடமானதை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பார். தமிழ் பேசும் வைத்தியர் அல்லது தாதி இருக்கிறாரா என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. துணைக்கு வந்தவர் வெளியே காத்திருக்கட்டும் என்று வைத்தியரிடம் சொன்னால், அவரே அதை மென்மையாகச் செய்துவிடுவார்.

மருந்துத் துண்டும் கிளினிக் கொப்பியும் அப்படித்தான். அறைத்தோழரின் கண்ணில் படும் இடத்தில் அவை கிடந்தால் வைத்தியர் என்ன செய்ய முடியும்? தனியார் வைத்தியசாலையில் சனல் செய்வதானால், அதாவது முன்பதிவு செய்து வைத்தியரைப் பார்ப்பதானால், வெள்ளவத்தையில் உங்கள் ஊரவர் நிறைந்த காத்திருக்கும் அறையைத் தவிர்த்து வேறொரு பகுதியில் பதிவு செய்யலாம். வைத்தியர் உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விடயத்துக்கு வேறொருவரிடம் போவதே நல்லது. மனந்திறந்து பேச அது உதவும்.

போனவுடன் என்ன சொல்வது என்ற தயக்கத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, உங்கள் பயத்தையே முதற் கேள்வியாகக் கேட்டுவிடுவது. 'டொக்டர், நான் உங்களிட்ட ஒரு விசயம் சொல்லவேணும். அதுக்கு முதல், நான் சொல்லுறது ஆருக்கெல்லாம் போகும் எண்டு சொல்லுங்கோ.' நல்ல வைத்தியர் எவரும் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். தம் எல்லை எது என்று சொல்வார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, 'எனக்குச் சாகவேணும் போல யோசினை வருது' என்று நேராகச் சொல்லுங்கள். நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவற்றுக்கான மருந்துதான் கிடைக்கும். சொல்ல வந்த விடயம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். அப்பாவிடம் வேண்டாம், அக்காவிடம் சொல்லலாம் என்றால் அதையே அவர் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். என் விடயத்தில் இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தி வளர்ந்த சமூகம் நாம். அதைக் கேட்டுக் கூசிப்போய் உதவி தேடாமல் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. அங்கே வெளிநோயாளராகப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிச் செல்பவர்கள் நிறையப் பேர். வைத்தியரிடம் போகும் முன் ஒரு மனிதக் குரலோடு மட்டும் பேசிப் பார்க்க விரும்பினால், 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் தொண்டர்கள் கேட்பார்கள். 1333 என்ற இலக்கத்திலும் உளவள ஆலோசனை பெறலாம்.

வேலைத்தளத்தைப் பற்றி: விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில் நோயின் விவரத்தை எழுதாமல் பொதுவாக எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்கலாம். நிறுவனமே நியமித்த வைத்தியர் அல்லது ஆலோசகர் என்றால், அவருடைய அறிக்கை யாருக்குப் போகிறது என்று பேசத் தொடங்கும் முன் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் இந்த விடயத்தை வெளியே ஒருவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வைத்தியர் அவசரப்பட்டு, 'கோயிலுக்குப் போங்கோ, எல்லாம் சரிவரும்' என்று அனுப்பிவிடவும் கூடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. அவர் மாதக்கணக்கில் வேறு எவரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், அந்த வாரத்திலேயே இன்னொருவரிடம் போங்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல நா எழாது என்பதால், எண்ணம் எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, யாருக்குத் தெரியக் கூடாது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, உட்கார்ந்தவுடன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத வைத்தியராக இருக்கக்கூடும் என்று தோன்றினால், முதல் வரியை மட்டும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக்கொள்ளுங்கள். மிகுதிக்குத் தமிழ் தெரிந்தவரை அவர் அழைப்பார்.