வாசகர் கேள்விகள்: வால் எடையும் மூக்கு ஈயமும்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, முனைக்கு முனை ஒன்றரை மீட்டரும் 18 செ.மீ. அகலமும் உள்ள தெர்மோகோல் இறக்கையைக் கொண்டு ரேடியோ கிளைடர் (மோட்டார் இல்லாமல் மிதக்கும், ரிமோட்டால் இயக்கும் மாதிரி விமானம்) ஒன்று செய்தோம். வாலுக்குச் சன்போர்டு (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் நுரை அட்டை) வைத்து, வலுவுக்காக அதன்மேலும் இறக்கைமேலும் பிரவுன் டேப் ஒட்டினோம். சமநிலைக்கு வர மூக்கில் 90 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. 350 கிராமில் முடிப்பதாகக் கணக்கு. தராசு 520 காட்டுகிறது. கையால் வீசினால் விரைந்து ஓடித் தரையில் இறங்கிவிடுகிறது. மோட்டார் பொருத்திவிடலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: மோட்டார் வேண்டாம். முதலில் வாலைக் கழற்றித் தனியே எடை போட்டுப் பாருங்கள்.

உங்கள் இறக்கையின் பரப்பு 27 சதுர டெசிமீட்டர் (ஒரு சதுர டெசிமீட்டர் என்பது பத்துக்குப் பத்து செ.மீ.). 350 கிராமில் முடித்திருந்தால் சதுர டெசிமீட்டருக்கு 13 கிராம் என்ற அளவில் சுமந்திருக்கும். இப்போது 19 கிராமுக்கு மேல் சுமக்கிறது. மிதப்பதற்கு வேண்டிய வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், உங்கள் கிளைடர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் போனால்தான் மிதக்கும். கீழே இறங்கும் வேகமும் அதே விகிதத்தில் கூடிவிடும். கை வீச்சில் அந்த வேகம் கிடைப்பதற்குள் தரை வந்துவிடுகிறது.

கூடுதலாக வந்த 170 கிராமில் பெரும்பகுதியை அந்த ஈயத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். இந்த அளவுள்ள கிளைடரில் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் சுமார் 60 செ.மீ. பின்னாலும், ஈயம் வைக்கும் மூக்கு சுமார் 20 செ.மீ. முன்னாலும் இருக்கும். கிணற்று ஏற்றத்தைப் போல இதுவும் நெம்புகோல்தான்: வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைத்தாக வேண்டும். அப்படியானால் 90 கிராம் ஈயம் என்பது வாலில் 30 கிராம் வீணாக ஏறியிருப்பதன் அடையாளம். இரண்டும் சேர்ந்து 120 கிராம். மீதியை இறக்கையில் ஒட்டிய டேப்பிலும் பசையிலும் தேடுங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம், என் முதல் கிளைடரில் நானே இந்தத் தவற்றைச் செய்ததுதான். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று வாலுக்கு இரண்டு பூச்சு சிவப்பு எனாமல் அடித்தேன். பெயிண்ட் காய்ந்தபின் வாலின் எடை ஆறு கிராம் கூடியிருந்தது. அதைச் சரிக்கட்ட, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை மூக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது எங்கள் சங்கத்தில் வாலுக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது. மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு இழுப்பதோடு சரி.

வாலை 3 மி.மீ. டெப்ரான் என்ற நுரை அட்டையிலோ மெல்லிய பால்சா மரத்தகட்டிலோ புதிதாகச் செய்யுங்கள். சர்வோக்கள் (வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) வாலருகே இருந்தால் அவற்றை இறக்கைக்கு முன்னால் கொண்டுவந்து, மெல்லிய கம்பியால் வாலோடு இணையுங்கள். சாதாரண இன்ஸ்டன்ட் பசை தெர்மோகோலையும் டெப்ரானையும் கரைத்துவிடும் என்பதால், எபாக்ஸியைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும். டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கை முறுகிக்கொள்ளும்; முறுகிய இறக்கையை எந்த ஈயமும் சரிசெய்யாது. கடைசியில், முன்விளிம்பிலிருந்து ஐந்தரை செ.மீ. தள்ளி இறக்கையின் அடியில் இரு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினால் கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும். 400 கிராமுக்கு வந்துவிட்டால் திருப்தி அடையலாம்.

கேள்வி: பொழுதுபோக்குக்குப் பறக்கவிடவும் அனுமதி வேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொழுதுபோக்குக்காக ஆளில்லாமல் பறக்கவிடும் விமானங்களுக்கும் பொருந்துபவை. கற்றலுக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் மட்டும் இயக்கப்படும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து (வடிவமைப்புக்குப் பெற வேண்டிய அரசு ஒப்புதல்) விலக்கு உண்டு. ஆனால் வான்வெளிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் இடங்களில் 400 அடி வரை பறக்கவிடலாம். பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால், ஓசூர்ப் பக்கத்தில் உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள்தான். மேலே ஏறி நின்று வீசினால் கிளைடர் நெடுநேரம் வானில் நிற்குமா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: காற்று நேராக வந்து மோதும் சரிவில் நிற்கும், குன்றின் மறுபக்கம் போனால் சுழற்காற்று அதைக் கீழே அறைந்துவிடும். 400 கிராம் கிளைடர் மணிக்கு 25 கி.மீ. அளவில் மிதப்பது. ஆடிக் காற்று அதைவிட வேகமாக வீசினால் கிளைடர் முன்னோக்கிப் பறந்துகொண்டே பின்னோக்கிப் போகும். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், பிறகு தேடியும் அலைந்திருக்கிறோம். இறங்குவதற்குப் பாறையைத் தவிர வேறு இடமில்லாத குன்று எதுவானாலும் எனக்கு உடன்பாடில்லை.

தொடங்குபவருக்குக் கீழே உள்ள திறந்த வயற்காடுதான் ஏற்றது. காலை எட்டு மணிக்குள் காற்று அசையாதபோது நேராக வீசிப் பழகுங்கள். பத்து மணிக்கு மேல், உழுது காய்ந்த செம்மண் நிலம் மாந்தோப்பை ஒட்டியிருக்கும் இடங்களில் மண் சீக்கிரம் சூடேறி, அதன்மேல் வெப்பக்காற்று எழும்பும். பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலே போனால், கிளைடரை அதற்குக் கீழே கொண்டுபோய் அது சுற்றும் திசையிலேயே சுற்றவிடுங்கள்.