பினாங்கில் கப்பல் நிற்கும் பகலில் ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்க முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் குடும்பத்துடன் போகிறோம். பினாங்கில் கப்பல் காலை 9 மணிக்கு அணைந்து மாலை 6 மணிக்குப் புறப்படும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவுக்கு நால்வருக்கும் பணம் கட்டுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்களாகவே இறங்கி நடந்து பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு வயது 68; முழங்கால் வலி உண்டு; சைவ உணவு மட்டுமே உண்பார்; அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பார்க்க மிகவும் விரும்புகிறார். மகனுக்கு 12 வயது. எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது?

பதில்: தாராளமாக முடியும். கப்பலில் வருபவர்கள் இறங்கி நடப்பதற்கு இவ்வளவு வசதியான துறைமுக நகரங்கள் இந்தப் பகுதியில் அதிகம் இல்லை. போர்ட் கிள்ளானில் இறங்குபவர்கள் கோலாலம்பூரைப் பார்க்க ஒரு மணி நேரமாவது சாலையில் செல்ல வேண்டியிருக்கிறது. பினாங்கிலோ ஸ்வெட்டன்ஹாம் பயணிகள் முனையம் பழைய நகரத்தின் விளிம்பிலேயே அமைந்திருப்பதால், வாயிலைத் தாண்டிச் சில நிமிடங்களில் மணிக்கூண்டும் கோட்டையும் கண்ணில் பட்டுவிடும். 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த பகுதியின் முக்கியமான இடங்கள் எல்லாம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் கப்பல் பயணிகள் பெரும்பாலும் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுகிறார்கள். நேரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடுவதில்லை. கப்பல் 6 மணிக்குப் புறப்படும் என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அந்த நேரத்தைக் கப்பலில் தரும் அன்றாட அறிவிப்புத் தாளில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது 5 மணி என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நான்கரை மணிக்கு முனையத்தின் வாயிலில் நிற்க வேண்டும். காலையிலும் கப்பல் 9 மணிக்கு அணைந்தவுடன் இறங்கிவிட முடியாது. துறைமுக அதிகாரிகளின் அனுமதி, இறங்குவதற்கான வரிசை, குடிநுழைவுச் சோதனை எல்லாம் முடிந்து தெருவுக்கு வர 10 மணி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. ஆக, உங்கள் கையில் இருப்பது ஒன்பது மணி நேரமல்ல, ஆறரை மணி நேரம். அதில் மதிய உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினால், பார்ப்பதற்கு ஐந்து மணி நேரம் மிஞ்சும். ஜார்ஜ் டவுனுக்கு அது போதும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முனையத்திலிருந்து நடக்கத் தொடங்காதீர்கள், முனையத்தை நோக்கி நடந்து வாருங்கள். இறங்கியவர்களில் பலர் கோட்டையில் தொடங்கி, வெயில் ஏற ஏற ஊருக்குள் ஆழமாகப் போய், களைப்பும் அவசரமும் ஒன்றாகச் சேரும் மூன்று மணி அளவில் கப்பலிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் நிற்கிறார்கள். நீங்கள் காலையில் வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய நகரத்தின் தென்முனைக்குப் போய்விடுங்கள். கிராப் செயலி வழியாக அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பத்து நிமிடப் பயணம்தான். அங்கிருந்து வடக்கே திரும்பி நடந்தால், கடக்கும் ஒவ்வொரு தெருவும் உங்களைக் கப்பலுக்கு அருகே கொண்டுவரும். சுற்றல்களையும் சேர்த்து மொத்த நடை இரண்டு முதல் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதுவும் பல இடங்களில் உட்கார்ந்து எழுந்து நடக்கும் நடை என்பதால் அம்மாவுக்கும் இயலும்.

இறங்க வேண்டிய இடம் கூ கொங்சி. கூ குலத்தைச் சேர்ந்த சீனர்கள் தங்கள் மூதாதையருக்காக எழுப்பிய மண்டபம் இது. முன்பிருந்த கட்டடம் 1901-இல் தீக்கிரையானது. அது அரண்மனையை மிஞ்சும் பகட்டோடு கட்டப்பட்டதால்தான் அழிந்தது என்று நம்பி, 1906-இல் சற்று அடக்கமாகக் கட்டி முடித்ததே இன்று இருப்பது என்பார்கள். கூரையின் மீதுள்ள வேலைப்பாடுகளைப் பார்க்கும்போது இதுவா அடக்கம் என்று உங்கள் மகன் நிச்சயம் கேட்பான். முதன்மை மண்டபத்துக்குப் படியேற வேண்டும். அம்மா ஏற விரும்பாவிட்டால் கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு.

அதை அடுத்த ஆர்மேனியன் தெருவில்தான், லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012-இல் வரைந்த, சைக்கிளில் போகும் இரு குழந்தைகளின் சுவரோவியம் இருக்கிறது. படம் எடுப்பதற்கு வரிசை நிற்கும். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே காத்திருக்க வேண்டாம் என்பேன், ஏனெனில் உங்களுக்குக் கோயில் நடை சாத்தும் நேரம் முக்கியம். வெல்ட் கடற்கரைச் சாலையிலுள்ள சூ குலத்தாரின் படகுத்துறைக் குடியிருப்பு, கடல்மீது மரக்கால்களை ஊன்றிக் கட்டிய வீடுகளின் வரிசை, அங்கிருந்து சில நிமிட நடைதான். அழகான இடம், ஆனால் பலகைப் பாதையில் நிழல் குறைவு, முழங்கால் வலியுள்ளவர்கள் நிதானமாகக் கால் வைக்க வேண்டும். அம்மா கூ கொங்சியின் முற்றத்தில் ஓய்வெடுக்கும்போது மற்றவர்கள் விரைவாகப் போய் வரலாம். இல்லாவிட்டால் மனவருத்தமின்றி விட்டுவிடுங்கள். போனால், அவை மக்கள் வாழும் வீடுகள் என்பதை நினைவில் வைத்து, திறந்திருக்கும் கதவுகளுக்குள் கேமராவை நீட்டாமல் இருப்பது நம் கடமை.

அங்கிருந்து வடக்கே கப்பித்தான் கெலிங் மசூதிச் சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது, சாலைக்குப் பெயர் தந்த அந்த மசூதி. பினாங்கின் தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக ஆங்கிலேயர் அங்கீகரித்த வணிகர் காதர் முகைதீன் 1801-இல் நிறுவியது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் பார்வையாளர்களை வரவேற்கிறார்கள். உடல் மறையும் உடை வேண்டும், இல்லாதவர்களுக்கு அங்கியும் தருகிறார்கள். உங்கள் கப்பல் வெள்ளிக்கிழமை அணைந்தால் நண்பகலில் உள்ளே போக இயலாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்துவிடுங்கள். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக எழுப்பிய சிறிய தர்கா ஒன்றும் இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கும் இந்தத் தீவுக்கும் இருந்த உறவை இவ்வளவு நேரடியாகக் காட்டும் இடம் வேறில்லை. 1970-கள் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா கப்பல் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் இதுதான் என்பதை மகனிடம் சொல்லுங்கள். உல்லாசத்துக்காக அல்ல, பிழைப்புக்காக வந்தவர்கள் கடந்த கடல் அது.

அடுத்தது அம்மா விரும்பிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த இது, பினாங்கிலுள்ள இந்துக் கோயில்களில் மிகப் பழையது. துறைமுகத்தை அண்டி வாழ்ந்த தமிழர்களின் வழிபாட்டில் வளர்ந்தது. இதைத் தேடி வருபவர்கள் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள்: கோயிலின் பின்புறம்தான் மசூதிச் சாலையில் இருக்கிறது, கோபுரமும் வாயிலும் கிழக்கே குவீன் தெருவை நோக்கியவை. எனவே சூலியா தெருவைத் தாண்டியதும் வலப்புறம் திரும்பிக் குவீன் தெருவுக்குள் நுழைந்துவிடுங்கள். நம் ஊர்க் கோயில்களைப் போலவே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் திறக்கும்போது நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். அதனால் பதினொன்றரை மணிக்குள் கோயிலை அடைவதை அன்றைய நாளின் முதல் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உள்ள இடங்களில் எது குறைந்தாலும் பரவாயில்லை.

தரிசனம் முடிந்து வெளியே வந்தால் லிட்டில் இந்தியா. பசார் தெரு, பினாங்கு தெரு, கிங் தெரு ஆகியவற்றில் பூக்கடையும் புடவைக்கடையும் பாத்திரக்கடையும் தமிழ் எழுத்துப் பலகைகளோடு நிற்கும். தமிழிலேயே வழி கேட்கலாம், ரிங்கிட் மாற்றிக்கொள்ளலாம். அம்மாவுக்கான வாழையிலைச் சாப்பாடு இங்கேயே கிடைத்துவிடும். இதைவிட்டு நகர்ந்த பிறகு சைவ உணவு தேடுவது கடினம், ஏனெனில் காய்கறி மட்டும் போட்டதாகத் தெரியும் உணவிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கக்கூடும். அசாம் லக்சாவின் குழம்பே மீனால் ஆனது. அசைவம் உண்பவர்கள் நாசி கண்டாரைத் தவறவிட வேண்டாம். காவடித் தண்டின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புகளுமாகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது; இன்று மலேசியா முழுவதும் அதைத் தங்கள் உணவாகக் கொண்டாடுகிறார்கள்.

உச்சி வெயிலில் தெருவில் நடக்காதீர்கள். பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 31, 32 பாகைதான் என்றாலும், காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை உலராது. சென்னை வெயிலுக்குப் பழகியவர்களையும் அது தளர்த்திவிடும். எனவே ஒரு மணி முதல் இரண்டரை மணி வரையிலான பொழுதைக் கூரைக்கடியில் கழிக்க, கெரெஜா தெருவிலுள்ள பினாங்கு பெரானாக்கான் (மலாய் மண்ணில் வேரூன்றிய சீனர் வழியினர்) மாளிகையைப் பரிந்துரைக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சுங் கெங் க்வீ என்ற சீனப் பெருஞ்செல்வரின் வீடு அது. சீன மரச்சிற்பமும் ஆங்கிலேயத் தரை ஓடுகளும் ஸ்காட்லாந்து இரும்பு வேலைப்பாடும் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால், இந்தத் துறைமுகத்தில் எத்தனை நாட்டுப் பொருள்கள் வந்து இறங்கின என்பது தெளிவாகப் புரியும். அதைவிட முக்கியம், கீழ்த்தளத்திலேயே பார்ப்பதற்கு நிறைய இருப்பதால் அம்மாவை மாடிப்படி ஏற்ற வேண்டியதில்லை.

இங்கிருந்து மணிக்கூண்டு சில நிமிட நடை. விக்டோரியா அரசி அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டு நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் எழுப்பியது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் இலேசாகச் சாய்ந்திருக்கிறது. எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவை வசப்படுத்திய பிரான்சிஸ் லைட் இறங்கிய இடத்தில் முதலில் மரக்கம்பங்களால் அமைத்து, பின்னர் செங்கல்லால் கட்டியது. கோட்டையிலுள்ள ஸ்ரீ ரம்பை என்ற டச்சுப் பீரங்கி 1603-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை வழங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது போதும். அவன் கோட்டைக்குள் இருக்கும்போது அம்மா கடலோரப் புல்வெளியில் காற்று வாங்கலாம். நான்கு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் அவசரமின்றி முனையத்தை அடைந்துவிடுவீர்கள்.

முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இந்த ஊரில் உண்மையான இடைஞ்சல் தூரம் அல்ல, தரை. கடைவீடுகளின் முன் கூரையிட்ட ஐந்தடிப் பாதை வெயிலுக்கும் மழைக்கும் அருமையானது. ஆனால் வீட்டுக்கு வீடு அதன் உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், ஓரத்தில் ஆழமான சாக்கடை ஓடும். ஊன்றுகோல் பயன்படுத்துபவர் என்றால் அதைக் கப்பலில் வைத்துவிட்டு வர வேண்டாம். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய, வழுக்காத செருப்பு அணியட்டும். கோயிலிலும் மசூதியிலும் கழற்ற வேண்டியிருக்கும். நடுவில் முடியாமல் போனால் மூன்று சக்கர ரிக்‌ஷாவான பேச்சா கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கைப்பையைச் சாலையின் பக்கம் தொங்கவிடாமல் சுவரின் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி, குடை கட்டாயம்.

கைப்பேசிக் கடிகாரத்தை நம்பிக் கப்பலைத் தவறவிடுபவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்தான். ஆனால் புக்கெட் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே கடைப்பிடிக்கும்போது உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறினால், அது 4 என்று காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். எனவே இறங்கும் முன் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு அதை மட்டுமே பாருங்கள். நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் செல்லும் செலவும் உங்களுடையதே. அறிவிப்புத் தாளிலுள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அட்டையும் கடவுச்சீட்டின் நகலும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. நீங்கள் அங்கே இரண்டாம் முறை நுழைவதால் அது பலமுறை நுழைவதற்கானதா என்று இப்போதே பாருங்கள். மலேசியாவின் மின்னணு வருகை அட்டையைப் பயணிகளே நிரப்ப வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கப்பல் தாமதமாக அணைந்து, தெருவுக்கு வரவே பதினொரு மணி ஆகிவிட்டால், கூ கொங்சியையும் சுவரோவியங்களையும் விட்டுவிட்டுக் காரை நேராகக் குவீன் தெருவுக்குச் செலுத்தச் சொல்லுங்கள். கோயிலில் தொடங்கி, மேலே சொன்ன வரிசையில் வடக்கே நடந்தால் திட்டத்தின் மீதிப் பகுதி அப்படியே நிற்கும்.