ஆரம்பநிலைக் கண்புரைக்குச் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா?

உங்கள் தாயாருக்கு ஆரம்பநிலைக் கண்புரை இருப்பதாக மருத்துவர் கூறியதையும், இணையத்தில் விற்கப்படும் என்-அசிட்டைல் கார்னோசின் சொட்டு மருந்தைச் சில மாதங்கள் போட்டுப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதையும் படித்தேன். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கண்ணின் வில்லையில் (லென்ஸ்) உள்ள கிரிஸ்டலின் புரதங்கள் வயதாக ஆகத் திரண்டு, ஒளியைச் சிதறடிப்பதால் புரை உண்டாகிறது. லானோஸ்டெரால் என்ற மற்றொரு பொருள் நாய்களின் புரையைக் குறைத்ததாக 2015இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது உண்மைதான்; ஆனால் அதில் மருந்து சொட்டாக மட்டுமன்றி, ஊசி மூலம் கண்ணுக்குள்ளும் செலுத்தப்பட்டது. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மனித வில்லைகளின் உட்கருவை லானோஸ்டெரால் கரைசலில் நாட்கணக்கில் ஊறவைத்தும் புரை தெளியவில்லை என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீங்கள் கேட்ட கார்னோசின் மருந்தைப் பற்றி 2017இல் ஆராய்ந்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வில், சேர்த்துக்கொள்ளத் தகுந்த சோதனை ஒன்றுகூட இடம்பெறவில்லை.

போட்ட பிறகு பார்வை தெளிந்ததாக அம்மா சொன்னாலும் அதைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஏனெனில் எந்தச் சொட்டு மருந்தும் உலர்ந்த கண்ணின் மேற்பரப்பை நனைத்துச் சிறிது நேரம் பார்வையைத் துலக்கக்கூடும். மருந்துள்ள சொட்டு எது, மருந்தில்லாத சொட்டு எது என்று நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரியாத வகையில் இரு குழுக்களுக்குக் கொடுத்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பிளவு விளக்குக் (ஸ்லிட் லேம்ப்) கருவியில் எடுத்த வில்லைப் படங்களை நீண்ட காலம் ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும்.

இப்போதைக்குக் கண்ணாடியின் பவரைச் சரிபார்த்து, படிக்கும் இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். படிப்பதும் நடமாடுவதும் சிரமமாகும்போது அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை குறித்த நாளில் கண் பரிசோதனைக்குச் செல்வதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.